மையா, அக்ரிலிக்கா? வண்ணத்தாள் செய்கிறவர்கள் முதலில் எதை வாங்குவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கையால் வண்ணத்தாள் செய்கிறவர்கள் இப்போது கணிசமாகச் சேர்ந்துவிட்டார்கள். தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை மடித்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டுக் கையெழுத்துப் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்ட தோட்டங்களைப் பழைய புகைப்படங்களோடு சேர்த்துப் படமாக்க நினைக்கும் இளைஞர்கள் சிலர். இவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, மை வாங்குறதா, அக்ரிலிக் வாங்குறதா?"

நியாயமான கேள்வி. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கப் பலருக்கும் வசதி இருக்காது. வகை வகையாகப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர் போய் வாங்கி வந்தது நினைத்த வேலைக்கு உதவாவிட்டால், அது இழுப்பறையில் கிடந்து காயும். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மை தாளுக்குள் இறங்கும். அக்ரிலிக் தாளின் மேல் படலமாக நிற்கும். மற்ற வேறுபாடுகளில் முக்கால்வாசி இதிலிருந்தே பிறக்கிறது. மை ஏறிய தாள் தாளாகவே இருக்கும். சுளுவாக மடியும், பசையைக் குடிக்கும், பேனா ஓடும். அக்ரிலிக் ஏறிய தாளுக்கு மெல்லிய பிளாஸ்டிக் போர்வை வந்துவிடுகிறது. தண்ணீர் பட்டாலும் கலையாது, மேலே எத்தனை அடுக்கும் ஏற்றலாம், ஆனால் தாளைத் தொடும் சுகம் போய்விடும். எனவே காய்ந்த பிறகு அந்தத் தாளை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். மடிக்கப் போகிறீர்களா, ஒட்டப் போகிறீர்களா, மேலே இன்னும் வரையப் போகிறீர்களா, சுவரில் மாட்டப் போகிறீர்களா? வாங்க வேண்டியது எது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மை என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல

கடைக்காரரிடம் "மை கொடுங்கள்" என்று கேட்டால் நான்கு வேறு பொருள்களில் எதுவும் கைக்கு வரலாம்.

முதலாவது சாய மை. ஃபவுண்டன் பேனா மையும், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சின்னக் குப்பியில் வரும் பல ஓவிய மைகளும் இந்த வகை. சாயம் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும், அதனால் நிறம் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். தாளின் வெண்மை கீழிருந்து ஒளிரும். இந்த அழகை வேறு எதிலும் பார்க்க முடியாது. 1931-இல் வந்த பார்க்கர் குவிங்க் கறுப்பு மையை எடுத்து ஈரத்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கறுப்பு பிரிந்து ஓரத்தில் நீலமும் பழுப்பும் தனித்தனியாக விரியும். காய்ந்த பிறகு அதன்மேல் நீர்த்த பிளீச்சால் கோடு இழுத்தால், அந்த இடம் பொன்மஞ்சளாக மாறும். கோலம் போடுகிற கைக்கு இது பெரிய விருந்து. பிளீச்சுக்கு நைலான் தூரிகைதான் பயன்படுத்த வேண்டும், விலங்கு முடியை அது கரைத்துவிடும். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் வினிகர் வேண்டாம்.

சாய மைக்கு இரண்டு குறை. ஈரம் பட்டால் மறுபடி கரையும், வெளிச்சம் பட்டால் வெளிறும். இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

இரண்டாவது, சீனப்பள்ளி மாணவர்கள் தூரிகை எழுத்துக்கு வாங்கும் கறுப்பு மை. ஈப்போவுக்குப் போகாமல் நம் பட்டணத்து எழுதுபொருள் கடைகளிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. இதில் நிறம் தருவது கரிப்புகை, ஆகவே வெளிறாது. ஆனால் எல்லாக் குப்பியும் காய்ந்தபின் தண்ணீரைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. சில தாங்கும், சில கலங்கும்.

மூன்றாவது இந்தியன் இங்க். இதுவும் கரிப்புகைதான், ஆனால் அரக்கு கலந்தது. காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. மேலே அக்ரிலிக் பூசலாம், பசை தடவலாம், கோடு அப்படியே நிற்கும். தூரிகையில் காயவிட்டால் தூரிகை போனதுதான். ஃபவுண்டன் பேனாவில் இதை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

நான்காவது அக்ரிலிக் இங்க். பெயரில்தான் மை. உள்ளே இருப்பது மிக நுண்ணிய நிறமியும் அக்ரிலிக் பால்மமும். தண்ணீர் போல ஓடும், தொட்டு எழுதும் பேனாவிலும் ஏறும், காய்ந்தால் அக்ரிலிக் போலவே நிலைத்துவிடும். மையின் ஓட்டமும் அக்ரிலிக்கின் உறுதியும் சேர்ந்திருக்கிறது, குறையென்றால் விலை. நல்ல நிறுவனங்களின் குப்பி பெரும்பாலும் 30 மில்லிலிட்டர்தான் இருக்கும். பெரிய தாள்களை நனைக்க ஆரம்பித்தால் சீக்கிரம் காலியாகும்.

எந்தக் குப்பியானாலும் லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே தாளில் ஒரு கோடு இழுத்து, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். தண்ணீரில் நிறம் வந்தால் அந்த மை பிற்பாடு மேலே போடும் எல்லாவற்றையும் கறைப்படுத்தும். பள்ளியில் பயன்படும் போஸ்டர் கலரும் இப்படித்தான் மறுபடி எழும்பும், அதையும் இதே கணக்கில் வையுங்கள்.

அக்ரிலிக் நம் வெயிலில் என்ன செய்கிறது

ஓவியர்களுக்கான நீர்வழி அக்ரிலிக் 1950-களில் வந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹென்றி லெவிசன் 1955-இல் லிக்விடெக்ஸ் வண்ணத்தைக் கொண்டுவந்தார். தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள். தண்ணீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று நெருங்கி உருகி ஒட்டி ஒரே படலமாகும். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ரப்பர் பால் உறைந்து தாளாவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

குளிர்நாட்டு ஓவியர்களுக்கு, வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் படலம் சரியாகப் பிடிக்காதே என்ற கவலை உண்டு. நமக்கு அது இல்லை. நமக்கு வேறு ஒன்று இருக்கிறது: அக்ரிலிக் படலம் வெப்பத்தில் மென்மையாகும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 30 டிகிரியைத் தாண்டிய அறையில், நன்றாகக் காய்ந்த இரண்டு அக்ரிலிக் தாள்களை முகத்தோடு முகம் வைத்து மேலே நாலு புத்தகத்தையும் ஏற்றிவிட்டால், அவை ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒன்றின் நிறம் இன்னொன்றோடு உரிந்துவரும். தொட்டுப் பார்த்தால் ஈரமில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் முழுதாய்க் காய்ந்தாலும் இந்தக் குணம் போவதில்லை.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அங்பாவ் உறை செய்கிறவருக்கு இதுதான் லாபமும் நட்டமும். உறையை அடுக்கி, கட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பசார் மாலம் என்னும் இரவுச் சந்தைக்குக் காரின் பின்பெட்டியில் கொண்டுபோகிறோம். மத்தியான வெயிலில் அந்தப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? முழுக்க அக்ரிலிக் பூசிய உறைகள் அங்கே ஒரு கட்டியாகிவிடும்.

ஆகவே உறைக்கு என் தீர்ப்பு மைதான். 100 முதல் 120 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் மை இறங்கினால் மடிப்பு கூர்மையாக விழும், ஓரத்தில் பசை உடனே பிடிக்கும், அடுக்கினாலும் ஒட்டாது. சாய மையே போதும். தீபாவளிக்கு வாங்கி, அன்றைக்கே பிள்ளைகள் கையில் கொடுத்து, சிலர் டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். யாரும் அதைச் சன்னலோரத்தில் வருடக்கணக்கில் மாட்டி வைப்பதில்லை. வியர்த்த விரலில் நிறம் ஒட்டுமே என்று பயந்தால், அக்ரிலிக் இங்க்கைத் தண்ணீர் கலந்து மெல்லியதாகத் தெளியுங்கள். அப்படி நீர்க்க விட்டால் படலம் கனமாக இருக்காது, ஒட்டும் தொல்லையும் பெருமளவு குறையும்.

அக்ரிலிக்கின் பொன்னிறமும் வெள்ளிநிறமும் உறையில் வேண்டும் என்று கேட்பார்கள். சரி, ஆனால் முழுப்பரப்புக்கும் போடாமல் கோடாகவோ புள்ளியாகவோ போடுங்கள். காய்ந்த பிறகு மேலே முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தடவித் தட்டிவிடலாம். அடுக்கும்போது நடுவில் கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் வைத்தால் நிச்சயம் ஒட்டாது. கேக் கடைக்குப் பொருள் விற்கும் இடங்களில் அது சுருளாகக் கிடைக்கும்.

பசைத்தாள்: இங்கே அக்ரிலிக்தான்

வண்ணத்தாள் வகைகளில் எனக்கு மிகப் பிடித்தது பசைத்தாள், அதாவது வண்ணம் கலந்த மாவுப்பசையைப் பூசிக் கோடிழுத்த தாள். ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், புத்தகம் கட்டுகிறவர்கள் சில நூற்றாண்டுகளாகச் செய்து வந்தது. சமையலறையில் இருக்கும் மாவே போதும் என்பதால் தோட்டத்து வீடுகளுக்குப் பொருத்தமான கலை இது.

சோளமாவு அல்லது மரவள்ளி மாவு ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர். முதலில் மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதி நீரைச் சேர்த்து, கிண்டிக்கொண்டே காய்ச்சினால், வெள்ளையாக இருந்தது சட்டென்று மங்கிக் கண்ணாடித்தனம் வரும். அப்போது இறக்குங்கள். ஆறியதும் வடிகட்டுங்கள். கெட்டித் தயிர் பதம் சரியான பதம். அரைக் கப் பசைக்கு ஒரு கரண்டி வண்ணம். தாளை லேசாக நனைத்து விரித்து, பசையை அகலத் தூரிகையால் சீராகப் பூசி, பழைய அட்டையில் பல் வெட்டிய சீப்பால் இழுத்தால், சீப்பு போன வழியில் தாளின் வெண்மை கோடு கோடாகத் தெரியும். நெளிவாக இழுத்தால் அலை. குறுக்கும் நெடுக்கும் இழுத்தால் பாய் பின்னியது போன்ற வரிசை. விரலாலேயே சிக்குக்கோலமும் போடலாம்.

அந்த வண்ணம் மையாக இருந்தால்? இங்கேதான் தாளுக்குள் இறங்குவதற்கும் மேலே நிற்பதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும். சாய மை பசையோடு நிற்காது. பூசிய நொடியே கீழே இறங்கி நாரைக் கறைப்படுத்திவிடும். சீப்பு பசையை வழித்தாலும் அடியில் அதே நிறம் இருக்கும், ஆகவே கோடு எழாது, எல்லாம் மங்கலாகிவிடும். அக்ரிலிக்கின் நிறமித் துகள் பசைக்குள்ளேயே தங்குவதால், வழித்த இடம் வெளுத்து, வழிந்து குவிந்த இடம் கறுத்து, மேடுபள்ளம் தோன்றும். கூடவே பசை காய்ந்தபின் கையில் தூளாக உதிராமல் அக்ரிலிக் பிடித்து வைக்கும். மலிவான மாணவர் வகை அக்ரிலிக்கே இதற்குப் போதும். விலையுயர்ந்ததை இதில் போடாதீர்கள்.

மை விரும்பிகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. முதலில் தாள் முழுக்கத் தண்ணீரைத் தாங்கும் மையால் ஒரு வெளிர் நிறம் ஏற்றி நன்றாகக் காயவிடுங்கள். அதன்மேல் அடர்ந்த நிற அக்ரிலிக் பசையைப் பூசிச் சீப்பை இழுங்கள். கோடுகளில் வெள்ளைக்குப் பதில் அந்த மை நிறம் ஒளிரும். மஞ்சள் மை, மேலே கருஞ்சிவப்புப் பசை. கல்யாணப் புத்தக அட்டைக்கு இதைவிட எடுப்பான தாளை நான் பார்த்ததில்லை.

மாவுப் பசைக்கு நம் ஊரில் எதிரிகள் உண்டு: பூஞ்சை, கரப்பான், தாளை அரிக்கும் வெள்ளிப்பூச்சி. தமிழ்நாட்டில் சுவரொட்டிப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். வீட்டில் பிள்ளைகள் கை படும் தாளுக்கு அந்த விஷம் வேண்டாம். கிராம்பு எண்ணெய் சில சொட்டுப் போதும். அதையும் தவிர்க்க நினைத்தால், மெத்தில் செல்லுலோஸ் என்று விற்கும் பசைத்தூளைத் தண்ணீரில் கரையுங்கள். அது பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகாது. காய்ந்த தாளில் தேன்மெழுகுப் பாலிஷை மெல்லத் தேய்த்துத் துணியால் துடைத்தால், ஈரக்கை பட்டாலும் தாங்கும், அடுக்கினாலும் ஒட்டாது.

நீரில் மிதக்கும் வண்ணம்

நீர்ப்பரப்பில் வண்ணத்தை மிதக்கவிட்டுத் தாளில் எடுக்கும் முறையில் இரண்டு மரபுகள் பேர்போனவை. ஜப்பானியச் சுமிநாகாஷி வெறும் தண்ணீரில் கறுப்பு மையை மிதக்க விடுவது. துருக்கியின் எப்ரு கெட்டிப்படுத்திய நீரில் பல நிறங்களைப் பரப்புவது. 2014-இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

செலவில்லாமல் பழக மைதான் வழி. ஒரு தட்டில் தண்ணீர், ஒரு தூரிகையில் கறுப்பு மை, இன்னொன்றில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக் கலந்த நீர். இரண்டையும் மாறி மாறி நீர்ப்பரப்பில் தொட்டால் வளையத்துக்குள் வளையமாக விரியும். உறிஞ்சும் தாளை மேலே படியவிட்டு எடுங்கள். சீனத் தூரிகை எழுத்துக்கு விற்கும் மெல்லிய தாள் இதற்குப் பொருத்தம். அக்ரிலிக்கை வெறும் தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் அடியில் போய்விடும். அதற்குக் கேராஜீனன் என்னும் கடற்பாசித் தூளைக் கரைத்து ஒரு ராத்திரி வைத்த நீர் வேண்டும். தாளில் முதலில் படிகார நீர் தடவ வேண்டும். வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்க்க வேண்டும். நிறமும் நுணுக்கமும் அள்ளிக்கொண்டு வரும், மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பிக்கிறவர் இதற்காக அக்ரிலிக் வாங்க வேண்டாம்.

உப்பு தூவிப் பூப்பூவாக நிறம் எடுக்கும் முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஈர மையில் அழகாக வரும், கெட்டி அக்ரிலிக்கில் வராது. காய்ந்ததும் உப்பை ஒரு துகள் விடாமல் துடையுங்கள், இல்லையென்றால் நம் காற்றின் ஈரத்தை அது இழுத்துத் தாளை என்றைக்கும் சில்லென்று வைத்திருக்கும்.

பல ஊடகங்களைச் சேர்த்து ஒரே படம்

இப்போது அந்த இளைஞர்களின் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் பழைய புகைப்படம் ஒன்று இருக்கும்: பாட்டி தலையில் துணி கட்டி, கையில் பால் வெட்டும் கத்தியோடு மரத்தடியில் நிற்பது. லயத்து வாசல், கோயில் திருவிழா, பள்ளிக்கூடப் பெயர்ப்பலகை. இவற்றையும் நாளிதழ்த் துண்டு, வண்ணத்தாள், கோடு, நிறம் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் சேர்க்க வேண்டும். இந்த வேலைக்கு அக்ரிலிக் இல்லாமல் முடியாது. நிறத்துக்கு மட்டும் சொல்லவில்லை. அக்ரிலிக் மீடியம் என்ற நிறமில்லாத பால்தான் பசை, அதுதான் மேல்பூச்சு, புகைப்படத்தை மாற்றி எடுப்பதும் அதனால்தான்.

புகைப்படத்தை மாற்றும் முறை இது. மூலப் படத்தைத் தொடாதீர்கள். அதை ஸ்கேன் செய்து, இடம்வலம் திருப்பி, லேசர் பிரிண்டரிலோ போட்டோஸ்டேட் இயந்திரத்திலோ அச்செடுங்கள். திருப்ப மறந்தால் பெயர்ப்பலகையின் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் வரும். படப்பரப்பில் அக்ரிலிக் ஜெல்லை, அதாவது கெட்டியான மீடியத்தை, தாராளமாகப் பூசி, அச்சின் முகத்தைக் கீழே வைத்து அழுத்தி, காற்றுக் குமிழி இல்லாமல் நீவிவிடுங்கள். மறுநாள் பின்பக்கத்தை நனைத்து விரல்நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால், தாளின் கூழ் உருண்டு உருண்டு வரும். மெல்ல மெல்லப் பாட்டியின் முகம் அந்தப் படலத்துக்குள் தெரியும். முதல்முறை காய்ந்ததும் வெள்ளைப் பூத்தாற்போல் இருக்கும், இன்னொரு முறை நனைத்துத் தேய்த்து, மேலே மீடியம் ஒரு பூச்சு கொடுத்தால் தெளியும். லேசர் அச்சின் டோனர் தண்ணீருக்குக் கரையாத பொடி, அதனால்தான் இது நடக்கிறது. வீட்டு இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் சாய மை; மீடியம் பட்டதும் ஊறிப் பரவிவிடும்.

நாளிதழ்த் துண்டுக்கும் இதே புத்தி. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் பழைய பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால் அதை வெட்டாதீர்கள். நாளிதழ்த் தாளில் மரத்தின் லிக்னின் இருக்கிறது, எவ்வளவு அக்ரிலிக் பூசினாலும் அது பழுப்பதை நிறுத்த முடியாது. நல்ல தாளில் போட்டோஸ்டேட் எடுத்து ஒட்டுங்கள். மூலப் பக்கமும் மிஞ்சும், படமும் மஞ்சளிக்காது.

இந்தப் படத்தில் மைக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது, அது எந்த அடுக்கில் என்பதுதான் முக்கியம். கோடும் எழுத்தும் அடியில் வருவதானால் இந்தியன் இங்க் அல்லது அக்ரிலிக் இங்க். சாய மையை அடியில் போட்டு மேலே மீடியம் பூசினால், தூரிகை போகும் திசையெல்லாம் நிறம் இழுபடும். மேலே வருவதானால் வேறு தொல்லை: வழவழப்பான அக்ரிலிக் படலத்தில் மை சேப்ப இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். மினுக்கமில்லாத மேட் மீடியமோ, ஜெசோ என்னும் அடிப்பூச்சில் நிறமில்லாததோ ஒரு பூச்சுக் கொடுங்கள். அதிலுள்ள நுண்துகள் பரப்பைச் சொரசொரப்பாக்கி மையைப் பிடிக்கும். உருளுவதே வேண்டுமென்றால் அதையும் பயன்படுத்தலாம். அக்ரிலிக்கால் கோலம் போட்டுக் காயவிட்டு மேலே மை ஊற்றித் துடைத்தால், கோலம் தப்பித்து நிற்கும்.

நிறம் ஏறாமல் ஓர் இடத்தைக் காக்க இன்னொரு பொருளும் நம் மண்ணிலேயே இருக்கிறது. கடையில் சின்னக் குப்பியில் மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று விற்பது பொதுவாக அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். நம் தாத்தா பாட்டி விடியலில் வாளியில் சுமந்த பால். பழைய தூரிகையைச் சோப்பு நீரில் நனைத்து, அதில் பாலைத் தொட்டு 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாளில் வரையுங்கள். காய்ந்ததும் மை பூசி, மையும் காய்ந்ததும் விரலால் உருட்டி எடுத்தால் வெள்ளைக் கோடு பளிச்சென்று வெளிப்படும். இது மையோடுதான் சேரும். கெட்டி அக்ரிலிக்கை மேலே பூசினால் பாலை உரிக்கும்போது படலமும் சேர்ந்து கிழியும், ஓரம் பிய்ந்து நிற்கும். போட்டோஸ்டேட் தாள், சீனத் தாள் இரண்டிலும் முயல வேண்டாம், நாரையே பிய்த்துவிடும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது.

அக்ரிலிக்கைத் தண்ணீரில் நிறையக் கரைத்து மை போல் பயன்படுத்தலாமே என்றும் கேட்பார்கள். உறிஞ்சும் தாளில் தாராளமாகச் செய்யலாம். அக்ரிலிக் மட்டும் வாங்கியவர்களுக்கு அது பெரிய வசதி. ஏற்கெனவே அக்ரிலிக் பூசிய வழவழப்பில் அப்படி நீர்த்ததைப் போட்டால் பிடிப்பு குறைந்து தேய்த்தால் வந்துவிடும். அங்கே தண்ணீரோடு மீடியமும் கலக்க வேண்டும். ஆனால் எவ்வளவு கரைத்தாலும் சாய மையின் அந்த ஊடுருவும் ஒளி வராது, நிறமித் துகளின் மெல்லிய மங்கல் இருக்கவே செய்யும்.

வெளிச்சம்

சுவரில் மாட்டும் எதற்கும் சாய மையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தாலும் வாசல் வெளிச்சம் படும் சுவரில் அது வெளிறும், முதலில் போவது பெரும்பாலும் இளஞ்சிவப்பும் ஊதாவும். பாட்டியின் படத்துக்கு அப்படி ஆகக் கூடாது. குழாயின் பின்பக்கம் நிறமியின் குறியெண் அச்சிட்டிருக்கும். நிறத்தின் பெயரை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். நீலத்துக்குப் பி.பி. 15:3, செவ்வூதாவுக்குப் பி.ஆர். 122, வெள்ளைக்குப் பி.டபிள்யூ. 6, கறுப்புக்குப் பி.பி.கே. 7 ஆகியவை நம்பத்தக்கவை. குறியெண்ணே போடாத குழாயும், பளீரென்று மின்னும் நியான் நிறங்களும் மாட்டி வைக்கும் படத்துக்கு வேண்டாம்.

வாங்கிய பிறகு சந்தேகம் என்றால், ஒரு பட்டையில் எல்லா நிறத்தையும் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒட்டி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் எந்த நிறம் நிற்கும் என்பது தெரிந்துவிடும்.

கையில் இருக்கும் பணத்துக்கு

உறை மடிப்பவர்களுக்கு: பிடித்த நிறத்தில் இரண்டு குப்பிச் சாய மை, ஒரு குப்பிப் பொன்னிற அக்ரிலிக், மீதிப் பணம் முழுக்க நல்ல தாளுக்கு. மைக்குத் தாள்தான் பாதி வேலை செய்கிறது. 80 ஜிஎஸ்எம் போட்டோஸ்டேட் தாள் ஈரத்தில் அலையலையாகச் சுருங்கிவிடும், எந்த மையாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு: மாணவர் வகை அக்ரிலிக்கில் மூன்று முதன்மை நிறமும் வெள்ளையும் பெரிய போத்தலாக, ஒரு பெரிய குப்பிச் சீன மை, சோளமாவு. ஒரு வகுப்பே பசைத்தாள் செய்ய இது தாராளம். தூரிகை கழுவிய அக்ரிலிக் நீரை நேராகக் கால்வாயில் ஊற்ற விடாதீர்கள். வாளியில் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், அதை நாளிதழில் வழித்துக் குப்பையில் போடப் பிள்ளைகளுக்கு அன்றைக்கே பழக்கிவிடலாம். சீருடையில் பட்ட அக்ரிலிக் காய்வதற்கு முன் துவைத்தால்தான் போகும், அம்மாமார்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

படம் செய்கிறவர்களுக்கு: மாணவர் வகையில் பத்து நிறம் வாங்காமல், ஓவியர் வகையில் மஞ்சள், செவ்வூதா, நீலம், வெள்ளை நான்கே குழாய். அதைவிட முக்கியம் ஒரு பெரிய போத்தல் மேட் மீடியம். ஒட்டவும் பூசவும் மைக்குப் பிடிமானம் கொடுக்கவும் அதுவே போதும், புகைப்படம் மாற்றவும் ஜெல்லுக்குப் பதில் அதைக் கெட்டியாகப் பூசிப் பயன்படுத்தலாம். கூடவே ஒரு குப்பி இந்தியன் இங்க், தொட்டு எழுதும் பேனா ஒன்று. அக்ரிலிக் இங்க்கை அடுத்த முறை ஈப்போ போகும்போது ஒவ்வொரு நிறமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் வாங்க வேண்டியது அதில் வெள்ளை நிறம். கரும் பரப்பின்மேல் பேனாவால் வெள்ளை எழுத்து எழுதுவதற்கு இதுவரை நான் தொட்டதில் அதுதான் மூடி நிற்கிறது.